அய்யாத்துரையின் குடமும் என் மர ஸ்கேலும்

முப்பது வருஷம் வில்லுப்பாட்டில் குடம் அடித்த ஒரு மனிதருக்கு நான் தாளம் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். கையில் மர ஸ்கேல். மேஜை விளிம்பில் தட்டித் தட்டி, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு வாய்ப்பாடு சொல்வதுபோல. ஒருநாள் அல்ல, மூன்று நாள். எனக்குத் தெரிந்த தாளமெல்லாம் கல்யாண வீடுகளில் மைக்செட் போட்டபோது காதில் விழுந்ததுதான். சங்கீதத்தோடு எனக்கு இருந்த நெருங்கிய உறவு, தவில்காரருக்குப் பக்கத்தில் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு நின்றது. அந்தத் தகுதியில்தான் ஸ்கேலை எடுத்தேன்.

இதை எழுத வைத்தது ஒரு போன். வீட்டிலேயே ஸ்டூடியோ வைத்திருக்கும் ஒரு தம்பி, நான் ஓய்வு பெற்றவன் என்பதால் சும்மாதான் இருப்பேன் என்று நினைத்துக் கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, தபேலாக்காரர் எல்லாப் பாட்டுலயும் லேட்டா வாசிக்காரு. நாங்களும் ஒவ்வொரு அடியா இழுத்து இழுத்து ஒட்டுதோம். ஆள மாத்திரலாமான்னு பாக்கோம்."

"எல்லா அடியும் பிந்துதா?"

"ஆமா."

"ஒரே அளவாப் பிந்துதா, கூடக் குறையவா?"

"அத யாரு அளந்து பாத்தா?"

எனக்கு வந்த கோபத்தில் போனை வைத்துவிட்டேன். யாரும் அளந்து பார்க்கவில்லையாம். ஆளை மட்டும் மாற்றிவிடலாமாம். இத்தனை வருஷம் கழித்தும், ஒரு மிஷினும் ஒரு மனிதனும் முரண்பட்டால் முதலில் மனிதனைத்தான் சந்தேகப்படுகிறோம். இந்த ஊரில் அந்தப் பழக்கத்தை ஆரம்பித்து வைத்தவர்களில் நானும் ஒருவன் என்பதால் கோபம் இரண்டு மடங்காயிற்று. ஆகவே சொல்லிவிடுகிறேன்.

பதினெட்டு வயதில் கோவில்பட்டியில் மைக்செட் வேலைக்குச் சேர்ந்தேன். வேப்பமரத்தில் ஏறிக் குழாய் ஸ்பீக்கர் கட்டுவது, வயர் இழுப்பது, மழை வந்தால் ஆம்ப்ளிஃபயரை என் வேட்டியால் மூடுவது. பத்து வருஷம் அது. பிறகு தொண்ணூறுகளில் ஒரு காசெட் கடை. கேட்கும் பாட்டை வரிசைப்படி பதிந்து, அட்டையில் முத்து முத்தாகப் பெயர் எழுதிக் கொடுப்பேன். சிடி வந்து காசெட்டைத் தின்றது. கடை முதலாளி அசரவில்லை. கடைக்குப் பின்னால் இருந்த பழைய தீப்பெட்டிக் கிட்டங்கியில் சாக்கையும் முட்டை அட்டையையும் சுவரில் அடித்து, ஒரு கம்ப்யூட்டரை வாங்கி வைத்து, ஸ்டூடியோ என்று போர்டு எழுதிவிட்டார். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருஷங்கள் அவை. கம்ப்யூட்டர் வாங்கியவரெல்லாம் விஞ்ஞானி.

முதலாளியைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கேள்வியையும் அவரே கேட்பார், பதிலையும் அவரே சொல்வார். அதனால் மற்றவர்களுக்கு வாய் வலிக்காது. "கம்ப்யூட்டர் எங்கேருந்து வந்துச்சு? மெட்ராஸ்லேருந்து வந்துச்சு. மெட்ராஸ்காரனுக்குத் தெரியாதா? தெரியும்." அவ்வளவுதான் விவாதம். கம்ப்யூட்டருக்கு அவர் வீட்டம்மாவின் பழைய பட்டுச்சேலையைப் போர்த்தி வைத்திருப்பார். அந்த அறைக்குள் யாரும் செருப்போடு போகக்கூடாது. வெள்ளிக்கிழமை சூடம் காட்டுவார். கம்ப்யூட்டரோடு வந்த சவுண்டு கார்டின் பெட்டி, அதற்குள் இருந்த சிடி, காகிதங்கள் எல்லாவற்றையும் பிரிக்காமல் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். பிரித்தால் பழசாகிவிடுமாம். கம்ப்யூட்டரை மாட்டிக் கொடுத்தவனும், "அந்த சிடி இல்லாமலே ஓடும்" என்று சொல்லிவிட்டுப் போனான். ஓடியது. எப்படி ஓடியது என்பதுதான் கதை.

முதலில் ஆட்டோ விளம்பரங்கள் பதிந்தோம். கடலைமிட்டாய்க் கடை, ஜவுளிக்கடை, காணாமல் போன எருமை. ஒரு குரல், ஒரு மைக். எந்தக் குறையும் தெரியவில்லை. பிறகு புதூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வில்லுப்பாட்டுக் குழு வந்தது. தலைமை மாரிக்கனி. ஐம்பது வயது இருக்கும். அவர் வில்லில் கோலை வீசி ஒரு தட்டுத் தட்டினால் பக்கத்துத் தெருவில் தூங்குகிறவன் எழுந்து உட்காருவான். அவர்கள் ஊர் அம்மன் கதையைச் சிடியாகப் போட வேண்டும். குடம் அடிப்பவர் அய்யாத்துரை. பகலில் ஆடு மேய்ப்பவர். கோயில் கொடைக்காலம் வந்தால் குடம்.

வில்லுப்பாட்டை எப்படிப் பதிய வேண்டும்? எல்லாரையும் வட்டமாக உட்காரவைத்து, மைக்கை நடுவில் வைத்து, வாயைப் பொத்திக்கொண்டு இருக்க வேண்டும். ஏனென்றால் குடக்காரர் காதால் மட்டும் அடிப்பதில்லை. பாடுகிறவரின் கை கோலை ஓங்கும்போதே பார்த்துவிடுவார். கோல் வில்லில் விழும்போது அவர் கை குடத்து வாயில் இருக்கும். தலைமுறை தலைமுறையாக அதுதான் முறை.

நாங்கள் அப்படிச் செய்யவில்லை. "சினிமாவுக்கு எப்படிப் பதியுதான்? தனித்தனியாப் பதியுதான். நாம மட்டும் சந்தைக்கட மாதிரிக் கும்பலா உக்காரணுமா? வேண்டாம்" என்றார் முதலாளி. முதலில் மாரிக்கனி பாடினார். அடுத்த நாளிலிருந்து அய்யாத்துரை தனியாக உட்கார்ந்து, ஹெட்போனில் அந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டே குடம் அடிக்க வேண்டும். வேனல் காலம். இரைச்சல் விழும் என்று ஃபேனையும் நிறுத்தியிருந்தோம். ஆடு மேய்த்து வெயில் பழகிய மனிதரே வேர்வையில் நனைந்து போனார்.

முதல் பாட்டு முடிந்து ஓடவிட்டுக் கேட்டோம். குடம் ஒவ்வொரு அடியிலும் பாட்டுக்குப் பின்னால் வந்தது. பேசி முடித்த பிறகு "ஆமா ஆமா" என்று தலையாட்டும் ஆள் மாதிரி.

"பிந்துதீங்களே" என்றேன்.

"அடிக்கும்போது சரியாத்தான இருந்துச்சு" என்றார் அய்யாத்துரை. பிறகு ஹெட்போனைத் தொட்டுக் காட்டி, "காதுக்குள்ள என் குடத்துச் சத்தம் நான் அடிச்ச பொறவுல்லா கேக்கு. எனக்குப் பின்னால எவனோ உக்காந்து அடிக்கான், அண்ணாச்சி."

இந்த ஒரு வாக்கியத்தில் முழு வியாதியும் இருக்கிறது. படித்த இஞ்சினியர் மூன்று பக்கம் எழுதுவதை, அந்த மனிதர் தரையில் உட்கார்ந்தபடி ஒரு மூச்சில் சொல்லிவிட்டார். நான் என்ன செய்தேன்? சிரித்தேன். "அது எதிரொலி. நீங்க தாளத்தக் கவனிங்க" என்று சொல்லி ஸ்கேலை எடுத்தேன்.

கதவோரம் நின்ற முதலாளி என்னை வெளியே கூப்பிட்டார். "மிஷினுக்கு அவர் மேல என்ன வே பகை? ஒண்ணுமில்ல. அது ஏன் பொய் சொல்லப் போவுது? சொல்லாது. ஆளுக்கு வயசாயிட்டு."

மூன்று நாள் நான் தட்டினேன், அவர் அடித்தார். "முன்னாடி அடிங்க, இன்னும் முன்னாடி" என்று விரட்டினேன். இரண்டாம் நாள் அவர் பேச்சைக் குறைத்துவிட்டார். மதியச் சோற்றைத் தள்ளி உட்கார்ந்து சாப்பிட்டார். இடையிடையே வலது கையை விரித்து மூடிப் பார்த்துக்கொண்டார். மூன்றாம் நாள் குடம் பாட்டோடு ஒட்டி விழுந்தது. நான் அவர் முதுகில் தட்டிக் கொடுத்தேன். அந்தக் கையை இப்போதும் எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

பத்து நாள் கழித்து மாரிக்கனி குழுவுக்குப் பக்கத்து ஊர்க் கொடையில் பாட்டு. கடைக்கு மைக்செட் தொழிலும் உண்டு என்பதால் நான்தான் போயிருந்தேன். அம்மன் பிறப்பு முடிந்து கதை வேகமெடுக்கும் இடம். குடம் முந்தியது. மாரிக்கனி திரும்பிப் பார்த்தார். மறுபடி முந்தியது. உடுக்கைக்காரர் யார் பின்னால் போவது என்று தெரியாமல் நின்றார். ஜால்ரா ஒரு பக்கம், குடம் ஒரு பக்கம். பாட்டு நடுவிலேயே உடைந்து நின்றது. அம்மன் முன்னால் பாட்டு நிற்பது என்றால் அந்த ஊரில் என்ன அர்த்தம் என்று நான் விளக்கத் தேவையில்லை. முன்வரிசையில் ஒரு பெரியவர் சத்தமாகவே கேட்டார்: "ஏலே, குடத்துல கஞ்சி வச்சிருக்கானாலே? அவசரமாத் தொறக்கப் பாக்கானே!"

கூட்டம் சிரித்தது. மாரிக்கனி சிரிக்கவில்லை. அடுத்த பாட்டுக்குக் குடத்தைத் தன் தங்கச்சி மருமகனிடம் நகர்த்தி வைத்தார். அய்யாத்துரையிடம் ஜால்ராவைக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். அந்தக் குழுவில் ஜால்ரா என்பது பாட்டுப் பழக வந்தவனுக்குக் கொடுப்பது.

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை என்பதையும் எழுதித்தானே ஆக வேண்டும். "மனுஷனுக்கு நெஜமாவே கை போயிருச்சு போல" என்று பரிதாபப்பட்டுக்கொண்டு வீடு திரும்பினேன்.

மிச்சப் பாட்டுகளுக்குக் குடம் அடிக்கத் தங்கச்சி மருமகன் ஸ்டூடியோவுக்கு வந்தார். முப்பது வயது. கட்டான ஆள். அவரும் பிந்தினார்.

"இந்தச் சீமையில குடம் அடிக்கத் தெரிஞ்சவனே இல்லையா? இல்ல" என்றார் முதலாளி.

ஸ்கேலை எடுக்கக் கை போயிற்று. ஏனோ எடுக்கவில்லை. திரையில் இரண்டு சத்தக் கோடுகளையும் பெரிதாக்கிப் பார்த்தேன். மேலே பாட்டு, கீழே குடம். கோலின் தட்டுக்கும் குடத்தின் தட்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று குறித்துக்கொண்டே போனேன். பத்து அடி, இருபது அடி, நாற்பது அடி. எல்லாம் ஏறக்குறைய ஒரே இடைவெளி. ஒரு செகண்டில் ஏழில் ஒரு பங்கு. பிறகு அய்யாத்துரை முதல் நாள் அடித்ததை எடுத்து அளந்தேன். அதே ஏழில் ஒரு பங்கு.

மனிதன் தப்பினால் கண்டபடி தப்புவான். ஒரு அடி முந்தும், ஒன்று பிந்தும், ஒன்று விழாமலே போகும். இரண்டு மனிதர்கள், இரண்டு வேறு நாளில், நூல் பிடித்ததுபோல் ஒரே அளவு தப்ப முடியாது. அது கையின் தப்பு இல்லை.

இதில் பெரிய வெட்கம் என்னவென்றால் இது எனக்கு மைக்செட் காலத்திலேயே தெரிந்த விஷயம். கோயிலில் ஒரு குழாய், தெருக் கோடியில் ஒரு குழாய் கட்டினால், நடுவில் நிற்பவனுக்கு ஒரே பாட்டு இரண்டு தடவை கேட்கும். தூரத்துக் குழாயில் பாடகர் பிந்திப் பாடுகிறார் என்று எந்த மடையனாவது சொல்வானா? சத்தம் வந்து சேர நேரமாகிறது, அவ்வளவுதான். மரத்தில் ஏறியபோது தெரிந்தது, நாற்காலியில் உட்கார்ந்ததும் மறந்துவிட்டது.

அன்று மத்தியானம் அறையில் யாரும் இல்லாதபோது ஒரு சோதனை செய்தேன். ஹெட்போனின் ஒரு காதை மைக்கின் முகத்தோடு சேர்த்து ரப்பர் பேண்டால் கட்டினேன். கம்ப்யூட்டரே தட்டும் 'டிக் டிக்' ஒன்று உண்டு, தாளத்துக்காக. அதை ஓடவிட்டு, ஹெட்போனிலிருந்து வரும் அதே டிக்கை மைக்கில் பதிந்தேன். குடமும் இல்லை, ஆளும் இல்லை, வேர்வையும் இல்லை. திரையில் பார்த்தேன். பதிந்த டிக், தன் சொந்த டிக்குக்கே ஏழில் ஒரு பங்கு பிந்தி வந்து நின்றது.

ஏன் என்பதை நம் ஊர்க்காரருக்குச் சொல்வது சுலபம். தெருக்குழாயில் குடம் நிரம்பாமல் யாராவது நகர்வார்களா? கம்ப்யூட்டரும் அப்படித்தான். சத்தத்தைச் சொட்டுச் சொட்டாக அனுப்பாது. ஒரு பாத்திரத்தில் பிடித்து, நிரம்பிய பிறகுதான் தூக்கிக்கொண்டு போகும். காதுக்குப் போகும்போது ஒரு பாத்திரம், மைக்கிலிருந்து வரும்போது இன்னொன்று. பாத்திரம் பெரிசானால் காத்திருப்பு பெரிசு. அதற்கு பஃபர் என்று பெயர். சவுண்டு கார்டை ஓட்டவென்றே எழுதிய புரோகிராம், டிரைவர் என்பார்கள், அது இருந்தால் சின்னப் பாத்திரத்தில் வேகமாகச் சுமக்கும். எங்கள் டிரைவர் அந்த சிடியில் இருந்தது. சிடி பீரோவில் இருந்தது. பீரோ சாவி முதலாளியின் அரைஞாணில் இருந்தது.

சோதனையை அவருக்குக் காட்டினேன். சாவியை அவிழ்த்துக் கொடுத்தார். பிறகு சொன்னார்:

"சரி, சத்தமில்லாமச் சரிபண்ணும். வெளிய சொல்லணுமா? வேண்டாம். கடை பேரு என்னாவும்? கெட்டுப்போவும்."

"அய்யாத்துரைக்குச் சொல்ல வேண்டாமா முதலாளி?"

"அவருக்குத்தான் வேற வேல குடுத்துட்டாவளே."

முதன்முறையாக அவர் கேள்வி கேட்காமல் ஒரு பதிலைச் சொன்னார். கடையின் பெயர் கெடக்கூடாதாம். ஆடு மேய்ப்பவருக்கு இருந்ததே ஒரு பெயர், 'குடக்கார அய்யாத்துரை' என்று, அது கெடலாமாம். அடுத்த நாள் லீவு சொல்லாமல் புதூர் பஸ்ஸில் ஏறிவிட்டேன். நான் செய்த ஒரே வீரச்செயல் என்று இதைப் பெருமையாகச் சொல்லலாம்தான். ஆனால் பாதி வழியில் இறங்கித் திரும்பிவிடலாமா என்று இரண்டு ஸ்டாப்பில் எழுந்து நின்றதும் உண்மை.

அய்யாத்துரை உடைமரத்து நிழலில் ஆடுகளோடு நின்றார். என்னைப் பார்த்ததும் தொரட்டிக் கம்பைக் கீழே ஊன்றினார்.

"ஆடு மேய்க்குத எடத்துக்கே வந்துட்டியளா? பாடம் மிச்சமிருக்கோ?"

"தப்பு உங்க மேல இல்ல. மிஷின் மேல. அதவிட என் மேல" என்றேன். சோதனையைச் சொன்னேன். முழுதும் கேட்டார். விலகிப் போன ஆட்டை ஒரு சத்தம் போட்டுத் திருப்பினார்.

"எங்க அய்யாவுக்குப் பக்கவாதம் கையிலதான் வந்துச்சு அண்ணாச்சி. மொத வலது கை. எனக்கும் வந்துட்டுன்னு இருந்துட்டேன். நெதமும் எண்ணெய் போட்டு உருவிக்கிட்டுக் கெடக்கேன். வீட்ல சொல்லல."

வெயிலில் காய்ந்த கரிசல் மண் செருப்பையும் மீறிக் காலில் சுட்டது. நான் செருப்பைக் கழற்றாமலே நின்றிருந்தேன் என்பது அப்போது ஞாபகம் வந்தது. கம்ப்யூட்டர் முன்னால் கழற்றினேன், இந்த மனிதர் முன்னால் கழற்றத் தோன்றவில்லை.

மாரிக்கனியையும் அவரையும் அந்த வாரமே ஸ்டூடியோவுக்கு வரவழைத்தேன். முதலாளிக்கு முன்னாலேயே ஹெட்போனையும் மைக்கையும் சேர்த்துக் கட்டி, பழைய நிலையில் பதிந்த டிக்கைப் போட்டுக் காட்டினேன். மாரிக்கனி இடுப்பில் கை வைத்துக் கேட்டார்.

"இதுல குடம் அடிச்சது யாரு?"

"யாருமில்ல."

"அப்ப பிந்துனது யாரு?"

"மிஷினு."

அவர் முதலாளி பக்கம் திரும்பினார். "வயசாயிட்டுன்னு சொன்னீயளாமே, அண்ணாச்சி. ஒங்க மிஷினுக்கு என்ன வயசு?"

முதலாளி போர்த்தியிருந்த பட்டுச்சேலையை ஒழுங்காக மடிக்க ஆரம்பித்தார்.

டிரைவரை ஏற்றினேன். பாத்திரத்தைச் சின்னதாக்கினேன். மிகவும் சின்னதாக்கினால் சோளம் பொரிவதுபோல் ஒரு இரைச்சல் வந்தது, ஒரு படி ஏற்றினேன். குடம் அடிப்பவரின் சத்தம் கம்ப்யூட்டர் வழியே சுற்றி அவர் காதுக்கே வருவதை அடைத்தேன். மிச்சமிருந்த சொற்பத் தாமதத்தை அளந்து, பதிந்த கோட்டை அந்த அளவு முன்னால் நகர்த்துவதற்குக் குறித்துக்கொண்டேன். மறுபடி சோதனை. டிக்கும் டிக்கும் ஒட்டி நின்றன. அய்யாத்துரை உட்கார்ந்தார், ஹெட்போன் மாட்டினார், அடித்தார்.

முந்தியது. ஒவ்வொரு அடியும் பாட்டுக்கு முன்னால் ஓடியது.

"பாத்தீரா வே?" என்றார் முதலாளி, சேலைக்குப் பின்னாலிருந்து. "இப்ப மிஷினு சரி. தப்பு யாரு? ஆளு."

அய்யாத்துரை கையைப் பார்த்துக்கொண்டார். அதே விரித்து மூடுவது. மாரிக்கனி முகம் மறுபடி இறுகியது. அன்று மாரிக்கனி எழுந்து போயிருந்தால் குடம் மருமகனோடு போயிருக்கும். எனக்குத்தான் தெரியும், அந்தக் கை ஏன் முந்துகிறது என்று. மூன்று நாள் ஸ்கேலால் தட்டித் தட்டி ஏற்றிய வியாதி அது. கம்ப்யூட்டருக்கு டிரைவர் மாற்றிவிட்டேன், மனிதருக்குள் ஏற்றியதை எந்த சிடியில் தேடுவது?

ஹெட்போனைக் கழற்றி அலமாரியில் வைத்தேன். வில்லைக் கொண்டுவரச் சொல்லி மாரிக்கனியை அய்யாத்துரைக்கு எதிரே உட்காரவைத்தேன். நடுவில் மைக். தனித்தனிப் பதிவும் வேண்டாம், சினிமாவும் வேண்டாம்.

"அண்ணன், என் கையப் பாருங்க. வேற எதையும் பாக்காதீங்க" என்றார் மாரிக்கனி. கோலை ஓங்கினார்.

முதல் இரண்டு அடி தடுமாறியது. மூன்றாவதில் கோலும் குடமும் ஒரே சத்தமாக விழுந்தன. அதற்குப் பிறகு அய்யாத்துரை எங்களில் யாரையும் கவனிக்கவில்லை. பாட்டு முடிந்ததும் மாரிக்கனி தன் காலடியில் கிடந்த ஜால்ராவை எடுத்துப் பைக்குள் போட்டு மூடினார்.

முழுக் கதையையும் அப்படியே பதிந்தோம். முதலாளி கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. "மிஷினு தப்பா? இல்ல. நாமதான் அதுக்குச் சரியாச் சொல்லல" என்று பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார். 'நாம' என்றால் நான்.

ஆகவே, போன் செய்த தம்பிக்கும் அவர் கூட்டத்துக்கும்: ஆளை மாற்றுவதற்கு முன் ஹெட்போனை மைக்கோடு கட்டிப் பாருங்கள். ரப்பர் பேண்ட் எல்லா வீட்டிலும் இருக்கிறது. காதுக்குள் யாரோ பின்னால் அடிக்கிறான் என்று ஒருவர் சொன்னால், அவர் பள்ளிக்கூடம் போகாதவராக இருந்தாலும், தயவுசெய்து எழுந்து நின்று கேளுங்கள்.

கடைசிப் பாட்டு பதிந்த நாளில் அய்யாத்துரையை பஸ் ஸ்டாண்டு வரை கூட்டிப்போனேன். குடத்தை மடியில் வைத்து ஜன்னலோரம் உட்கார்ந்தார். கீழே நின்றபடி, மனதில் தயார் செய்து வைத்திருந்த மன்னிப்பை முழுசாகச் சொன்னேன். மிஷின் ஏழில் ஒரு பங்கு பிந்தியது, அது தெரியாமல் உங்களைக் கஷ்டப்படுத்திவிட்டேன் என்று கொஞ்சம் உருக்கமாகவே சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பஸ் நகரத் தொடங்கியதும் தலையை வெளியே நீட்டினார்.

"மிஷினு பிந்துச்சு, அது சரி. அந்த மூணு நாளும் நீங்க ஸ்கேல வச்சுத் தட்டுனீயளே, அதுவும்லா பிந்திப் பிந்தி வந்துச்சு. அதுக்கு எந்த சிடியப் போடப் போறிய, அண்ணாச்சி?"